மம்மிகளைப் பார்க்காத ஒரு நாள்

அன்புள்ள சார்,

மெக்சிகோவின் குவானஹுவாத்தோ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அவ்வளவு தூரம் போய், ஒரு பகல் முழுக்க பெஞ்சிலும் சந்துகளிலும் கழித்திருக்கிறீர்கள். அந்த ஊரின் பேர்போன மம்மி அருங்காட்சியகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வீண்தானே? நாங்கள் டிசம்பரில் போகிறோம், கையில் ஒரே நாள். என்ன செய்யலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மம்மிகளை வேண்டுமென்றேதான் விட்டேன். அவை எகிப்து அரசர்களைப் போலப் பதப்படுத்தி வைத்தவை அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே கல்லறைக்கு வரி உண்டு. சொந்தக்காரர்கள் கட்டாவிட்டால் உடலை வெளியே எடுத்துவிடுவார்கள். 1865-இல் அப்படி எடுத்தது அழுகாமல் காய்ந்து கிடந்தது. அப்புறம் அதற்கெல்லாம் டிக்கெட் போட்டார்கள். பாக்கிக்காகக் கல்லறையிலிருந்தே காலிசெய்யப்பட்டவரைக் காசு கொடுத்து வேடிக்கை பார்க்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு வந்தால் போய்வாருங்கள், தப்பில்லை.

நான் உட்கார்ந்திருந்தது ஹார்தின் தெ லா உனியோன் என்ற சின்ன முக்கோணப் பூங்காவில். மரங்களைப் பந்தல் மாதிரி தட்டையாக வெட்டிவிட்டிருக்கிறார்கள், நடுப்பகலிலும் கீழே இருட்டுதான். மரத்தின் பெயர் கேட்டேன். 'லாரெல் தெ லா இந்தியா' என்றார்கள். உற்றுப் பார்த்தால் நம் ஆலமரத்தின் பங்காளி! எதிரே 1903-இல் திறந்த ஹுவாரெஸ் நாடக அரங்கு. அதன் படிக்கட்டில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது.

வெள்ளி எடுத்துப் பணக்கார ஊரானது இது. இப்போது பூமிக்கடியில் ஓடுவது பஸ். முன்பு ஊருக்குள் புகுந்து வெள்ளக்காடாக்கிய ஆற்றைத் திருப்பிவிட்டு, அதன் பழைய பாதையைச் சுரங்கச் சாலையாக்கிவிட்டார்கள். கல் வளைவுகளுக்குக் கீழே பஸ் ஸ்டாப்கூட இருக்கிறது. போனில் இருக்கும் மேப் அங்கே குழம்பிப்போகும். நாம் மேலே நிற்கிறோமா கீழேயா என்று அதற்குத் தெரியாது. ஒரு படிக்கட்டில் ஏறினால் யார் வீட்டுத் துணி காயும் முற்றமோ வந்து நிற்கிறது.

ஒன்றை மட்டும் விடாதீர்கள். அலோந்திகா என்ற பழைய தானியக் கிடங்கு. 1810-இல் விடுதலைப் போராளிகள் அதைப் பிடித்தார்கள். மறுவருடம் அந்தப் போராட்டத்தை நடத்திய இதால்கோ, அயெந்தே, அல்தாமா, ஹிமேனெஸ் நால்வரின் தலைகளை இரும்புக் கூண்டில் போட்டு நான்கு மூலைகளிலும் தொங்கவிட்டது ஸ்பானிய அரசு. 1821 வரை, பத்து வருடம். கொக்கிகள் இன்னும் இருக்கின்றன. நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும், பலர் பார்க்காமலே டிக்கெட் வரிசைக்குப் போகிறார்கள்.

சரி, உங்கள் ஒரு நாள். காலையில் அலோந்திகா, மதியம் எஞ்சிலாதாஸ் மினேராஸ் (மிளகாய்ச் சாற்றில் தோய்த்த சோள ரொட்டி, உருளைக்கிழங்கும் கேரட்டும் மேலே குவித்துத் தருவார்கள்), அப்புறம் பெஞ்ச். ஊர் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இரவில் கறுப்பு அங்கி போட்ட பாட்டுக்காரர்கள் கூட்டத்தைச் சந்துக்குச் சந்து இழுத்துப்போவார்கள். பின்னாலேயே போங்கள். வழி தவறினால் இறக்கம் பார்த்து நடங்கள், பள்ளத்தாக்கின் அடியில்தான் ஊரின் நடு.