சின்னப் பாய்ப்படகு, பெரிய ஏரி: கேட்டவையும் சொன்னவையும்

ஒன்ராறியோ ஏரியில் 22 அடிப் பாய்ப்படகு ஒன்றைப் 14 வருடமாக ஓட்டுகிறேன். கோடையில் அது ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபுரோ ப்ளஃபர்ஸ் பார்க் படகுத்துறையில் கட்டிக் கிடக்கும். பாய்ப்படகு வாங்கும் ஆசையோடு நம்மாட்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது கேட்டவரின் ஊர்.

அண்ணை, 1984இல் கட்டிய கற்றலீனா 22 ரகப் பாய்ப்படகு ஒன்று விலைக்கு வந்திருக்கு. பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேணும்? (மார்க்கம்)

நல்ல தெரிவு தம்பி. 1969இலிருந்து 15,000க்கும் மேல் கட்டிய படகு. உதிரிப் பாகங்கள் இன்றைக்கும் வாங்கலாம். வெளிப் பளபளப்பை விடுங்கள், மேல்தளத்தைப் பாருங்கள். அந்தக் காலத்துத் தளங்கள் இரண்டு கண்ணாடியிழைத் தகடுகளுக்கு நடுவே மரப்பலகை வைத்துச் செய்தவை. ஆணித் துளை வழியே நீர் இறங்கினால் உள்ளே பலகை உக்கிவிடும். ஸ்க்ரூ ட்ரைவரின் பிளாஸ்டிக் பிடியால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கேட்கும். உக்கின இடத்தில் 'தொப்' என்று சத்தம் அமுங்கும். பாய்மரத்தின் அடியிலும் கைப்பிடிக் கம்பிகளின் அடியிலும் இரண்டு தரம் தட்டுங்கள்.

பிறகு கீல், படகு கவிழாமல் அடியில் நிற்கும் பாரத் தகடு. ஏற்றி இறக்கும் கீல் என்றால், கிட்டத்தட்ட 250 கிலோ இரும்பு ஒற்றைக் கம்பிவடத்தில் தொங்குகிறது. அந்த வடத்தில் துரு கண்டால் புதிது போடும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை ஒரு பழந்துணியால் உருவிப் பாருங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே ஒரு இழை அறுந்திருக்கிறது. எஞ்சினை முடுக்குமுன் அதன் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்னே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முடுக்கக் கஷ்டப்படும் எஞ்சினை மறைக்க அப்படிச் செய்வதுண்டு.

வருசத்துக்கு எவ்வளவு முடியும்? (அஜாக்ஸ்)

கட்டும் இடத்தின் வாடகை, குளிர்காலத்தில் கரையில் வைக்கும் காசு, காப்புறுதி, கிரேன் கூலி. படகின் விலையைப் பேசுமுன் இவற்றை விசாரியுங்கள். பழைய சின்னப் படகென்றால் இரண்டு மூன்று வருட வாடகையே அதன் விலையைத் தாண்டிவிடும். வீட்டில் இழுவண்டி நிறுத்த இடம் இருந்தால் பாதிப் பாரம் குறையும்.

பாய்தானே, லைசென்ஸ் வேணுமா? (பிரம்டன்)

படகில் எஞ்சின் பூட்டியிருந்தால், அது ஓடாமல் கிடந்தாலும், படகு ஓட்டுநர் அட்டை வேண்டும். ஒருமுறை எடுத்தால் ஆயுளுக்கும் செல்லும். படகிலிருந்து பேசும் விஎச்எஃப் றேடியோவுக்குத் தனிச் சான்றிதழ். ஆபத்தென்றால் கூப்பிடும் சானல் 16. படகில் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டுத் தண்டனை கிடைத்தால் கார் லைசென்சும் போகும்.

மே நீள்வார இறுதியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக யோசிக்கிறன். வெயில் 25 பாகை காட்டுது. மனுசி தண்ணி குளிர் என்று மறிக்கிறா. (ஸ்காபுரோ)

அவ சொல்வதுதான் சரி. காற்று 25 என்றாலும் மே மாதத்து ஏரி குளிர்சாதனப் பெட்டித் தண்ணீர்தான். மானிட்டோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லிக்கொடுக்கும் கணக்கு 1-10-1. விழுந்தவுடன் மூச்சு வாங்குவதை அடக்க 1 நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். நினைவு தப்ப 1 மணி நேரம். உயிர்காப்பு அங்கி போட்டிருந்தால்தான் அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கும்.

ஒரு மே மாதம் படகைக் கட்டும்போது நானே வழுக்கி விழுந்தேன். ஏணி பின்பக்கத்தில் மடித்துக் கட்டியிருந்தது. நீருக்குள்ளிருந்து எட்டி முடிச்சைப் பிடித்துவிட்டேன். ஆனால் விரல் மடங்க மறுத்தது. நனைந்து ஊதிய அந்தச் சின்ன முடிச்சைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கிடந்தேன். பக்கத்துப் படகுக்காரர் வந்து இழுத்துப் போட்டார். இன்றைக்கு என் ஏணியின் கயிறு நீர்மட்டம் வரை தொங்குகிறது. ஒரு இழுவையில் ஏணி விழும். பிள்ளைகளை ஜூலையில் கூட்டிப் போங்கள். அப்போதும் படகில் ஏறுமுன் கரையிலேயே அவர்களுக்கு அங்கியை மாட்டிவிடுங்கள்.

பாயை எப்போது சுருக்குவது? நான் எப்போதும் பிந்திவிடுகிறேன். (பிக்கெறிங்)

இதைத்தான் எல்லாரும் கேட்கவேண்டும் என்று ஆசைப்படுவேன். "சுருக்கலாமோ" என்ற எண்ணம் வந்தவுடனேயே சுருக்குங்கள். அலையின் தலையில் அங்கங்கே வெள்ளை தெரியத் தொடங்கினால் காற்று 12 நொட் (மணிக்கு ஏறக்குறைய 22 கிலோமீற்றர்) அளவில் வந்துவிட்டது. சுக்கான் பிடி கையை இழுத்துக்கொண்டே இருந்தால், படகு 20 பாகைக்கு மேல் சாய்ந்தே ஓடினால், பாய் கூடிப்போய்விட்டது. சுருக்கினால் வேகம் குறையும் என்று பயப்படாதீர்கள். நிமிர்ந்த படகுதான் ஓடும்.

15 நொட் என்று அறிவித்திருந்தால் கட்டுமிடத்திலேயே சுருக்கிக்கொண்டு புறப்படுங்கள். காற்று விழுந்தால் அவிழ்ப்பது சுகம். காற்று ஏறியபின் நடுஏரியில் கட்டுவது அப்படியல்ல. காற்றில்லாத நாளில், கட்டிய இடத்தில், பத்துத் தரம் பழகுங்கள். ஏற்றுகயிற்றைத் தளர்த்தி, பாயின் முன்வளையத்தைக் கொக்கியில் மாட்டி, மறுபடி இறுக்கி, பின்மூலைக் கயிற்றை இழுத்துக் கட்டுவது வரை கண்ணை மூடிக்கொண்டு செய்ய வரவேண்டும்.

கிழக்குக் காற்றைத் தனியே கவனியுங்கள். நம் பெரியவர்கள் கொண்டல் என்பார்கள். ஏரி 300 கிலோமீற்றருக்கு மேல் நீளம், ரொறன்ரோ அதன் மேற்கு முனைப்பக்கம். அவ்வளவு தூரமும் தடையில்லாமல் வரும் அலை, குட்டையாய், செங்குத்தாய், ஒன்றன் பின் ஒன்றாய் அடிக்கும். 20 நொட்டுக்கு மேல் பலத்த காற்று எச்சரிக்கை போட்டிருந்தால் எங்கள் அளவுப் படகுக்கு அன்று வேலையில்லை.

ஏரியைக் குறுக்கே கடந்து நயாகராவுக்குப் போகலாமா? (மிசிசாகா)

போகலாம், இரண்டு பருவம் கரையோரம் ஓடியபின். ரொறன்ரோவிலிருந்து நயாகரா-ஒன்-த-லேக் ஏறக்குறைய 26 கடல்மைல். 4 நொட்டில் ஆறரை மணி நேரம். காலை 6 மணிக்கே புறப்பட்டால் பிற்பகல் இடிமழைக்கு முன் போய்ச் சேரலாம். வழியில் வெலண்ட் கால்வாய்க்குப் போகும் சரக்குக் கப்பல்களைச் சந்திப்பீர்கள். திசைகாட்டியில் கப்பல் நிற்கும் கோணம் மாறாமல், கப்பல் மட்டும் பெரிதாகிக்கொண்டு வந்தால், அது உங்கள் மேல்தான் வருகிறது. நீங்கள் முந்தியே, அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும்படி திரும்புங்கள். ரொறன்ரோவின் சிஎன் கோபுரத்தை நம்பித் தூரம் மட்டிடாதீர்கள். 553 மீற்றர் உயரம், மணிக்கணக்காகப் பக்கத்தில் நிற்பது போலவே இருக்கும்.

நங்கூரம் இரவில் இழுபடுகிறது. (ஒஷாவா)

கயிறு காணாது. நீர் 3 மீற்றர், அணியம் (படகின் முன்முனை) நீரிலிருந்து 1 மீற்றர் உயரம் என்றால் கூட்டி 4. இரவு தங்க அதன் 7 மடங்கு, 28 மீற்றர் விடவேண்டும். பாசி மண்டிய குடாக்களில் தட்டை நங்கூரம் பாசியை மட்டும் பிடித்துக்கொண்டு ஏமாற்றும். எஞ்சினைப் பின்னுக்கு ஓட்டி இழுத்துப் பாருங்கள். கரையில் இரண்டு மரங்களை ஒரே கோட்டில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மரங்கள் விலகினால் மீண்டும் போடவேண்டும்.

வல்வெட்டித்துறையில் வள்ளம் ஓட்டினவன் நான். வயது 71. இங்கே பழக ஏலுமோ? (ஸ்காபுரோ)

ஐயா, உங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற கப்பல் 1938இல் பாயிலேயே அமெரிக்காவின் குளொஸ்டர் வரை போய்ச் சேர்ந்தது. காற்றைக் கன்னத்தில் அறிகிற பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் இங்கே படிப்பிக்கக் கஷ்டமானது. கோடையில் பெரும்பாலும் தென்மேற்குக் காற்று, உங்கள் சோளகம்தான். வற்றுப்பெருக்கு இல்லை, உப்பில்லை. கப்பி, கயிறுகளின் பெயர்கள் மட்டும் புதிது, ஒரு பகலில் பிடித்துவிடுவீர்கள். ஒரு சனிக்கிழமை வாருங்கள் ஐயா, சுக்கானை உங்களிடமே தருகிறேன்.

குளிர்காலத்துக்கு என்ன செய்ய? (மார்க்கம்)

ஒக்டோபர் நடுவில் கரையேற்றுங்கள். நீர் உறைந்தால் 9 வீதம் பெருக்கும், குழாயில் ஒரு கிண்ணம் நின்றாலும் வெடிக்கும். குழாய்களுக்கு, உறையாமல் காக்கும் இளஞ்சிவப்புப் புரொப்பிலீன் கிளைக்கோல் ஊற்றுங்கள். காருக்கு ஊற்றும் பச்சைத் திரவம் நஞ்சு, அதை எடுக்கவேண்டாம். வெளிஎஞ்சினை நிமிர்த்தி வைத்தால் நீர் தானாக வடியும். படங்கு மூடும்போது இரு முனையிலும் காற்றுக்கு வழி விடுங்கள், இல்லாவிட்டால் வசந்தத்தில் உள்ளே பூஞ்சணம்தான். பாயை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி, காயவைத்து, தையலைப் பெருவிரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நூல் அறுந்தால் வெயில் தின்றுவிட்டது. ஜனவரியிலேயே தைக்கக் கொடுங்கள், ஏப்ரலில் பாய் தைப்பவரிடம் வரிசை நிற்கும்.