கொழும்பிலிருந்து வரும் டிஷ்ஷை வால்பாறையில் மாட்டலாமா?

கேள்வி: வால்பாறைக்கு மேலே எங்கள் எஸ்டேட் பங்களாவில் செல்போன் சிக்னலே கிடையாது. இலங்கையில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் வந்துவிட்டதால், கொழும்பிலிருக்கும் என் மச்சான் ஒரு செட் வாங்கி வருகிறேன் என்கிறார். கோவையில் ஒரு ஏஜென்ட், 15,000 ரூபாய் கட்டினால் இந்தியாவில் ஸ்டார்லிங்க் வரும்போது முதல் லிஸ்டில் பெயர் சேர்க்கிறாராம். எதற்குப் போகலாம்?

பதில்: இரண்டுமே வேண்டாம்.

மச்சானிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இலங்கை 2024 ஆகஸ்டில் உரிமம் கொடுத்தது, 2025 ஜூலையில் சேவை தொடங்கியது, எல்லாம் சரி. ஆனால் அந்த உரிமம் அந்த நாட்டோடு முடிந்தது. செயற்கைக்கோள் எல்லை பார்க்காமல் சுற்றினாலும், கீழே சிக்னல் இறக்க அந்தந்த அரசின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாத கருவி சுங்கத்திலேயே பறிபோகும். தப்பி வந்தாலும் கையில் வைத்திருப்பதே குற்றம். 2024 டிசம்பரில் மணிப்பூரில் ஆயுதங்களோடு இப்படி ஒரு கருவி சிக்கிய பிறகு, ‘வீட்டு உபயோகத்துக்குத்தான்’ என்றால் யாரும் நம்பப் போவதில்லை.

ஏஜென்ட் விஷயம்தான் எனக்கு எரிச்சல். 2021இல் ஸ்டார்லிங்க் கம்பெனியே இங்கே உரிமம் இல்லாமல் 99 டாலர் முன்பணம் வாங்கியது. அந்த நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை எச்சரித்தது, பணம் திரும்ப வந்தது. ஏஜென்ட் வாங்கும் பணம் திரும்பாது. அவர் தரும் ரசீதைப் பாருங்கள்: ‘பதிவுக் கட்டணம்’ என்று மட்டும் இருக்கும், ஜிஎஸ்டி எண் இருக்காது. சேவை திறந்தால் கம்பெனியின் இணையதளத்திலேயே பதியலாம். ஏர்டெல், ஜியோ இரண்டும் 2025 மார்ச்சிலேயே அவர்களோடு ஒப்பந்தம் போட்டுவிட்டன. இடையில் இவர் எதற்கு? அப்புறம் இதே ஆள் ‘சிக்னல் பூஸ்டர்’ விற்க வருவார். அதுவும் சட்டவிரோதம்.

அவசரத்துக்குப் பேச மட்டும் என்றால் ஒரு வழி உண்டு: பிஎஸ்என்எல் தரும் இன்மார்சாட் செயற்கைக்கோள் போன். பிஎஸ்என்எல் தருவது மட்டும்தான், துபாயில் வாங்கிய இன்மார்சாட் ஆகாது. துரையா, இரிடியம் என்ற மற்ற செயற்கைக்கோள் போன்கள் கூடவே கூடாது. 2008 மும்பைத் தாக்குதலில் துரையா போன் பயன்பட்டதிலிருந்து இவற்றின் மேல் அரசுக்கு ஒரு கண். மலையேறுபவர்கள் பையில் மாட்டிக்கொள்ளும், ஆபத்துச் செய்தி அனுப்பும் சின்னக் கருவிகளில் பலவும் இரிடியத்தில்தான் ஓடுகின்றன. அதை வைத்திருந்து விமான நிலையத்தில் மாட்டிய வெளிநாட்டுக்காரர்கள் உண்டு. டிஷ் இல்லாவிட்டால் இதையாவது கொடுப்போம் என்று மச்சான் கொண்டுவந்துவிடப் போகிறார்!

இணையம்தான் வேண்டும் என்றால், பஞ்சாயத்துவரை அரசின் பாரத்நெட் இணையக் கேபிள் வந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் ஹியூஸ், நெல்கோ போன்ற உரிமம் பெற்றவர்களின் விசாட் எனும் செயற்கைக்கோள் டிஷ். வாடகை அதிகம். சிக்னல் 36,000 கிலோமீட்டர் உயரம் போய் வருவதால் வீடியோ காலில் பேச்சு தாமதமாகும். மெயிலுக்கும் சம்பளக் கணக்குக்கும் தாராளம்.

இதற்குள் உங்களுக்கு நல்ல இணைப்பு கிடைத்திருக்க வேண்டும். வெளிநாட்டு அழைப்புக்கு விஎஸ்என்எல் என்ற ஒரே கம்பெனி மட்டுமே வாசலாக இருந்தது 2002இல் முடிந்ததும் கட்டணம் எப்படிச் சரிந்தது என்று பார்த்தோமே. செயற்கைக்கோள் இணையத்திலோ, ஒன்வெப்புக்கு 2021, ஜியோவுக்கு 2022, ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூன் என மூன்று கடைகளுக்கு லைசென்ஸ் கொடுத்துவிட்டு, ஷட்டரைத் தூக்காமல் வைத்திருந்தார்கள். அலைக்கற்றைக்கு வருவாயில் 4 சதவீதம் வாங்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்ததே 2025 மேயில்தான். அதற்குப் பிறகும் கோப்பு அங்கும் இங்கும் ஓடியது. இந்த இழுபறிதான் ஏஜென்டுகளுக்குப் பிழைப்பு.

ஒருவேளை பணம் கட்டிவிட்டீர்கள் என்றால், யுபிஐ விவரத்தோடு சைபர் குற்ற உதவி எண் 1930க்கு இன்றே அழையுங்கள்.