மைக் செட் போட்டுச் சொன்ன ஊர்ல இன்னும் என்ன ரகசியம்?

கேள்வி: எட்டாவதுலேர்ந்து பாலியல் கல்வி கிளாஸ் எடுக்கலாம்னு எங்க ஊர் ஸ்கூல் ஹெச்எம் சொல்றார். பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்கிற நான் எதிர்த்துட்டேன். டவுன் பசங்களுக்கு வேணா தேவைப்படலாம், கிராமத்துப் பிள்ளைங்க மனசை எதுக்குக் கெடுக்கணும்? எங்களுக்கெல்லாம் யார் சொல்லிக்குடுத்தா, நாங்க நல்லா வாழலையா? (பெயர் வேண்டாம், தர்மபுரி மாவட்டம்)

பதில்: யார் சொல்லிக்குடுத்தான்னு தெரியாத மாதிரி கேக்குறீங்களே சார், பஸ் ஸ்டாண்ட் கக்கூஸ் சுவர்ல ஒட்டியிருந்த நோட்டீஸ்தான் சொல்லிக்குடுத்துச்சு. ‘வாலிப வயோதிக அன்பர்களே’ன்னு ஆரம்பிச்சு, எந்தத் தேதி எந்த லாட்ஜ்ல எத்தனாம் நம்பர் ரூம்ல வைத்தியர் தங்கியிருப்பார்னு போட்டிருக்குமே அதேதான். தூக்கத்துல விந்து வெளியாகுறது வயசுப் பையனுக்கு இயல்பான விஷயம், அதைச் சொல்ல ஆள் இல்லாம உடம்புல சத்தே போச்சு, கல்யாணத்துக்கே லாயக்கில்லன்னு பயந்து லேகியத்துக்குக் காசைக் கொட்டுனவங்க எத்தனை பேர். இந்தப் பயத்துக்கு மனநல மருத்துவத்துல ‘தாத் சிண்ட்ரோம்’னு பேரே இருக்கு, 1960ல நம்ம நாட்டு டாக்டர் விக் வெச்ச பேரு. இப்ப நோட்டீஸ் இருந்த இடத்துல செல்போன் வந்துருச்சு, அதுல வர்ற வீடியோவைப் பாத்துட்டு அதான் நெஜம்னு பையன் நம்புறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

பொண்ணுங்க கதை இன்னும் வேடிக்கை. வயசுக்கு வந்தா ஊருக்கே பத்திரிகை வெக்கிறோம், மைக் செட் கட்டுறோம், பிளெக்ஸ் அடிக்கிறோம், அதுல பொண்ணை விட தாய்மாமன் போட்டோ பெருசா இருக்கும். பச்சை ஓலையில குச்சு கட்டி உக்கார வெச்சு உளுந்தங்களி, பச்சை முட்டை, நல்லெண்ணெய்னு எல்லாம் குடுப்போம் (களியை நான் குறை சொல்லல, நல்ல சாப்பாடுதான்). ஆனா ரத்தம் ஏன் வருது, மாசாமாசம் வருமா, துணியை எங்க காய வெக்கிறது, இனிமே கர்ப்பமாக முடியும்னா அது எப்படி, இதுல ஒண்ணைக் கூட அந்தப் பன்னெண்டு வயசுப் புள்ளைகிட்ட யாரும் சொல்ல மாட்டோம். ஊருக்கே தெரிஞ்ச விஷயம், அவளுக்கு மட்டும் தெரியாது.

டவுனுக்குத்தான் தேவைன்னு சொல்றீங்க. 2019-21 தேசிய குடும்பநல சர்வேயை எடுத்துப் பாருங்க, 20லேர்ந்து 24 வயசுப் பொண்ணுங்கள்ல 18க்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்க நாடு முழுக்க டவுன்ல 14.7%, கிராமத்துல 27%. 15லேர்ந்து 19 வயசுக்குள்ள தாயானவங்க, கர்ப்பமா இருந்தவங்க டவுன்ல 3.8%, கிராமத்துல 7.9%. இப்ப சொல்லுங்க யாருக்கு அதிகம் தேவைன்னு.

மனசு கெட்டுடும்ங்கிற பயம் உங்களுக்கு மட்டும் வந்தது இல்ல, 2007ல மகாராஷ்டிரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம்னு வரிசையா இந்தப் பாடத்தை நிறுத்துனாங்க. அதே 2007லதான் மத்திய அரசோட ஒரு ஆய்வும் வந்துச்சு, பாதிக்கு மேல குழந்தைங்க ஏதோ ஒரு விதத்துல பாலியல் தொல்லையைப் பாத்திருக்காங்க, செஞ்சவங்கள்ல பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிஞ்சவங்க. யுனெஸ்கோ பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பாத்து, இந்தக் கல்வியால பிள்ளைங்க சீக்கிரமா உடலுறவுக்குப் போறதில்லன்னு சொல்லியிருக்கு, சில இடத்துல தள்ளித்தான் போட்டிருக்காங்க.

இன்னொண்ணு, இது உங்க வீட்டுப் பையனுக்கும் சேத்துதான். அவனுக்கு 17, பொண்ணுக்கு 16, ரெண்டு பேரும் மனசொத்து ஓடிப்போய் உடலுறவு வெச்சுக்கிட்டாலும் 2012 போக்சோ சட்டத்துல அது குத்தம், 18க்குக் கீழ சம்மதம் செல்லாது, தாலி கட்டிட்டா சரியாப் போச்சுன்னும் கிடையாது. பையன் கூர்நோக்கு இல்லத்துக்குப் போனப்புறம்தான் நம்ம ஊருக்கு சட்டம் தெரிய வருது. பொண்ணு கர்ப்பமாகி ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வரும்னு பயந்து மருந்துக்கடையில மாத்திரை வாங்கி முழுங்கிட்டு ரத்தம் நிக்காம கெடக்கும். பொண்ணும் கார்டியனும் கேட்டுக்கிட்டா, கருக்கலைப்பு செய்யுற டாக்டர் போலீஸுக்குத் தர்ற தகவல்ல அவ பேர் விவரத்தைச் சொல்ல வேண்டியதில்லன்னு 2022 செப்டம்பர்லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. இதை அவகிட்ட யார் சொன்னா?

எட்டாம் வகுப்பு அறிவியல்ல வளரிளம் பருவம்னே ஒரு பாடம் இருக்கு சார், ஹெச்எம் புதுசா ஒண்ணும் கேக்கல. பல ஸ்கூல்ல அதை ‘வீட்ல படிச்சுக்கோங்க’ன்னு தாண்டிடுறாங்க, இல்லேன்னா பசங்களை கிரவுண்டுக்கு அனுப்பிட்டு பொண்ணுங்களுக்கு மட்டும் நாப்கின் பத்திப் பேசுறாங்க. அடுத்த குழுக் கூட்டத்துல நீங்க எதிர்க்கணும்னா அதை எதிர்த்துப் பேசுங்க. கிராம சுகாதார செவிலியரைக் கூப்பிட்டு பசங்களுக்கும் பேசச் சொல்லுங்க. அப்படியே பொண்ணுங்க பாத்ரூம்ல தண்ணி வருதா, உள்தாழ்ப்பா இருக்கா, நாப்கின் போட மூடி வெச்ச டப்பா இருக்கான்னு ஹெச்எம்கிட்ட கேளுங்க, குழு உறுப்பினர் கேக்க வேண்டிய கேள்வி அது.