இழுப்பது வேறு, சுமப்பது வேறு

கேள்வி: அமெரிக்காவிலுள்ள என் மகன் 6,000 கிலோ ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (வண்டியால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) வாங்கியிருக்கிறான். 7,000 கிலோ இழுக்கும் பிக்கப் (பின்னால் திறந்த சரக்குத் தட்டுள்ள வண்டி) அதற்குப் போதுமா?
– வாசகர், தொண்டி

பதில்: இழுதிறனை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். இவ்வகை டிரெய்லர், பின் பம்பரில் அல்லாமல், பின் அச்சுக்கு மேலே சரக்குத் தட்டில் பொருத்திய இணைப்பில் அமர்வதால், அதன் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை பிக்கப்பின் மீதே இறங்குகிறது. 20 சதவீதம் என்றாலே 1,200 கிலோ. இணைப்புக் கருவி, குடும்பத்தார், பெட்டிகள் ஆகியவற்றின் எடையையும் கூட்டி, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலுள்ள ஸ்டிக்கர் காட்டும் சுமை வரம்போடு உங்கள் மகன் ஒப்பிட வேண்டும். எஞ்சினுக்கு வலு இருந்தாலும், ஐஸ் பெட்டிகளை அளவுக்கு மீறி ஏற்றினால் நம் வள்ளம் விளிம்புவரை அமிழ்ந்துவிடுகிறதல்லவா? பிக்கப்பில் அமிழ்பவை பின் ஸ்பிரிங்குகள். சூடேறி வெடிப்பவை டயர்கள். ‘அரை டன்’ எனப்படும் இலகு வகை பிக்கப்புகளில் பெரும்பாலானவை இதைத் தாங்கமாட்டா.