காற்சட்டைப் பைக்குள் ஒரு கசற்

அன்புள்ள அண்ணா,

கிற்றார் வாசித்துத் தமிழில் பாட்டுக் கட்டுகிறேன். கடலுக்குப் போய் வந்த அப்பா ஒன்றும் பேசாமல் திண்ணையில் இருப்பதைப் பற்றி ஒரு பாட்டு. ஓர் இரவு அதைப் போனில் பதிந்தேன். பிறகு கொழும்பில் ஒரு ஸ்ரூடியோவில் டிரம்ஸ், கீபோர்ட் சேர்த்துப் பதிந்தோம். துப்புரவாக இருக்கிறது, ஆனால் அப்பா அதில் இல்லை. போன் பதிவை வெளியிட்டால் சிரிப்பார்களா? நீங்கள் அடிக்கடி எழுதும் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்ரீன், கொடியைக் காட்டிக் கத்திப் பாடுகிறவர்தானே? அவரிடம் எனக்கு என்ன இருக்கிறது?

க., உப்புவெளி

அன்புள்ள தம்பி,

உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே கசற்றில் இருக்கிறது.

1982 ஜனவரி. ஸ்பிரிங்ஸ்ரீனுக்கு 32 வயது, பேரும் புகழும் வந்துவிட்டன. நியூ ஜெர்சியில் தன் வீட்டு அறையில் குழு இல்லாமல், குரலையும் வாத்தியத்தையும் தனித்தனியே பதியும் நாலு தடக் கசற் ரெக்கோடரில் பாடிப் பதிந்தார். குழுவுக்குப் போட்டுக் காட்ட ஒரு மாதிரி, அவ்வளவுதான். தண்ணீரில் விழுந்தெழும்பிய பழைய பனசோனிக் செற்றில் அதைக் கலந்து இறக்கினார். அந்தக் கசற்றை உறைகூட இல்லாமல் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாரக்கணக்காகத் திரிந்தார். பிறகு குழுவோடு ஸ்ரூடியோவில் அதே பாட்டுகளைப் பதிந்து பார்த்தார். பாட்டுகள் பெருத்தன, அவற்றுக்குள் இருந்த மனிதர்கள் காணாமல் போனார்கள். உங்கள் அப்பா காணாமல் போனதைப் போலத்தான். கடைசியில் பையில் கிடந்த கசற்றையே அல்பமாக்கினார். அதுதான் 'நெப்ராஸ்கா'. அதன் தாழ்ந்த ஒலியை இசைத்தட்டில் ஏற்றப் பொறியியலாளர்கள் பட்ட பாடு பெரிது.

நான் அதை முதலில் கேட்டது திருகோணமலைக் கடலோரத்து டைக் வீதியில், நண்பர் வீட்டில், பிரதி எடுத்த ஒரு கசற்றில். எது கடலின் இரைச்சல், எது நாடாவின் இரைச்சல் என்று பிரிக்க முடியவில்லை. அப்பா பழைய கார் வாங்குவதை ஒரு பையன் பார்த்துக்கொண்டு நிற்கும் பாட்டு வந்தபோது, நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

கொடி விஷயத்துக்கு வருகிறேன். கொடியைக் காட்டிக் கத்துவதாக நீங்கள் நினைக்கும் 'போர்ன் இன் த யூ.எஸ்.ஏ.' பாட்டும் அந்தக் கசற்றில் இருந்ததுதான். வியட்நாம் போரில் இருந்து திரும்பி வேலை கிடைக்காமல் அலையும் ஒருவனின் பாட்டு அது. 1984இல் குழுவோடு வந்தபோது பலரும் டிரம்ஸை மட்டும் கேட்டார்கள், சொற்களை விட்டுவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பாட்டு குழுவோடுதான் எழுந்து நின்றது என்பேன். 1998இல் வெளிவந்த தனிக்கிற்றார் வடிவத்தைக் கேளுங்கள், நான் சொல்வது விளங்கும். ஆகவே ஸ்ரூடியோவை வெறுக்க வேண்டாம். உங்கள் இந்தப் பாட்டுக்கு அது பொருந்தவில்லை. போன் பதிவையே வெளியிடுங்கள்.

ஸ்பிரிங்ஸ்ரீனின் அப்பாவும் பேசாதவர். இரவில் இருண்ட குசினியில் தனியே இருப்பாராம். மகனுக்கு முதல் பிள்ளை பிறக்கச் சில நாள் இருக்கையில், நூற்றுக்கணக்கான மைல் கார் ஓட்டி வந்து, தான் அவனிடம் நல்லபடி நடக்கவில்லை என்று சொன்னார். மகனுக்கு அப்போது 40 வயது.

அந்தப் போன் பதிவை உங்கள் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினீர்களா?