ஒரே வீடியோ ப்ராஜெக்டில் மூன்று எடிட்டர்கள் சேர்ந்து வேலை செய்வது எப்படி?

கூகுள் டாக்ஸில் ஆளாளுக்குத் தட்டச்சு செய்வதுபோல ஒரே டைம்லைனை (ஷாட்களை வரிசையாக அடுக்கி வெட்டுகிற பட்டையை) மூன்று பேரும் ஒரே நேரத்தில் வெட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய படங்களில் வேலை செய்கிற குழுக்களும் பொதுவாக அப்படி வெட்டுவதில்லை. எல்லோருக்கும் பொதுவாக இருப்பது ஃபுட்டேஜ், அதாவது படம்பிடித்த கோப்புகள். டைம்லைன் ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான். நான் உதவி எடிட்டர். எது இப்போது யார் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வதிலேயே என் நாளில் பாதி போய்விடும்.

இந்தக் காவல் வேலையில் ஒரு பங்கை மென்பொருளே செய்யும். அவிட் மீடியா கம்போசரில் ஒரு பின்னை (கிளிப்களையும் டைம்லைன்களையும் போட்டு வைக்கிற ஃபோல்டரை) முதலில் திறந்தவருக்குப் பச்சைப் பூட்டு தெரியும், பிறகு திறக்கிறவருக்குச் சிவப்பு. சிவப்பு வந்தால் பார்க்கலாம், டைம்லைனைத் தன் பின்னுக்கு நகல் எடுக்கலாம்; அந்தப் பின்னில் சேமிக்க முடியாது. ப்ரீமியர் ப்ரோவில் 2020-ல் வந்த 'ப்ரொடக்‌ஷன்ஸ்' வசதி, ஒரு பெரிய ப்ராஜெக்டைப் பல சின்னக் கோப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு போடுகிறது. டாவின்சி ரிசால்வ் 2017-ல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்து இன்னும் ஒரு படி தாண்டுகிறது. ப்ராஜெக்ட் ஒரு டேட்டாபேஸில் இருப்பதால், எடிட்டர் வெட்டிக்கொண்டிருக்கும்போதே கலரிஸ்ட் அதே ப்ராஜெக்டைத் திறந்து ஷாட்களுக்கு நிறம் பார்க்கலாம். ஆனால் ரிசால்வ் சர்வரில் இருப்பது ப்ராஜெக்ட் மட்டுமே. ஃபுட்டேஜ் எல்லோருக்கும் எட்டும்படி இருக்க நீங்கள்தான் தனியாக வழிசெய்ய வேண்டும். பலர் இதைக் கவனிப்பதில்லை.

அந்த வழி எவ்வளவு அகலம் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. 4கே அளவில், நொடிக்கு 30 ஃப்ரேம் ஓடும் ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ (எடிட்டிங்குக்கான உயர்தர வீடியோ வடிவம்) கோப்பு ஒன்று நொடிக்குச் சுமார் 884 மெகாபிட் கேட்கும். சாதாரண கிகாபிட் நெட்வொர்க் மொத்தமே 1000 மெகாபிட். ஒருவர் ப்ளே செய்தாலே அடைத்துக்கொள்ளும். அதையே 1080 அளவு ப்ரோரெஸ் ப்ராக்ஸியாக, அதாவது வெட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளும் சின்ன நகலாக மாற்றினால் 45 மெகாபிட் போதும். அப்போது மூன்று பேரும் மல்டிகேம் (பல கேமராக் கோணங்களை ஒன்றாக ஓட்டுவது) போட்டுக்கூட வெட்டலாம். பலரும் 10 கிகாபிட் நெட்வொர்க்குக்கு ஓடுகிறார்கள். முதலில் ப்ராக்ஸி போட்டுப் பாருங்கள் என்பேன்.

அப்புறம், மூன்று கணினியிலும் ஒரே மென்பொருள் பதிப்பு இருக்க வேண்டும். ஒருவர் ஆர்வத்தில் அப்டேட் செய்து ப்ராஜெக்டைத் திறந்து சேமித்துவிட்டால், பழைய பதிப்பில் இருப்பவரால் அதைத் திறக்க முடியாமல் போகும். ட்ரைவின் பெயரும் ஃபோல்டர் பாதையும் எல்லாக் கணினியிலும் ஒன்றாக இருக்கட்டும். இல்லையென்றால் 'மீடியா ஆஃப்லைன்' என்ற சிவப்புத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கேஷ் கோப்புகள் (மென்பொருள் தனக்காக உருவாக்கும் தற்காலிகக் கோப்புகள்) மட்டும் பொது ட்ரைவில் வேண்டாம், அவரவர் எஸ்எஸ்டியிலேயே இருக்கட்டும்.

வேலையைக் காட்சிவாரியாகப் பிரியுங்கள், முழுநீளப் படம் என்றால் ரீல்வாரியாக (படத்தைப் பிரித்த பெரிய துண்டுகள்). ஆளுக்கொரு பின், டைம்லைன் பெயரில் தேதியும் வெட்டியவரின் முதலெழுத்தும். முழுப் படத்தையும் கோத்து வைக்கிற மாஸ்டர் டைம்லைனை ஒருவர் மட்டுமே தொட வேண்டும். மற்றவர்கள் காட்சியை முடித்து அவரிடம் சொன்னால் அவர் எடுத்துச் சேர்ப்பார். இது கொஞ்சம் அதிகாரத்தனமாகத் தெரியும். ஆனால் நேற்று இயக்குநர் சரி சொன்ன வெர்ஷன் எது என்று தேடும்போது இதன் அருமை தெரியும்.

மூன்று பேரும் வேறு வேறு ஊரில் இருந்தால், ஒரே ப்ராக்ஸிகளை மூன்று ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து ஆளுக்கொன்று வைத்துக்கொண்டு, ப்ராஜெக்ட் கோப்பை மட்டும் அனுப்பிக்கொள்ளலாம். அது சின்னக் கோப்புதான். அதை ட்ராப்பாக்ஸ் போன்ற சிங்க் ஃபோல்டரில் போட்டு இரண்டு பேர் ஒரே சமயத்தில் திறக்காதீர்கள். அங்கே பூட்டை நம்ப முடியாது. ஒருவர் செய்த வேலையின் மேல் இன்னொருவருடையது ஏறிவிடலாம், அல்லது எது சரி என்று தெரியாமல் இரண்டு நகல்கள் நிற்கும்.

சவுண்டுக்கும் கலருக்கும் அனுப்புவது பிக்சர் லாக் ஆன பிறகு, அதாவது வெட்டு இனி மாறாது என்று முடிவான பிறகு. சவுண்டுக்கு ஏஏஎஃப் கோப்பு, கலருக்கு எக்ஸ்எம்எல் அல்லது இடிஎல் (மூன்றுமே டைம்லைனை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் கோப்பு வகைகள்), இரண்டு பேருக்கும் டைம்கோட் (ஒவ்வொரு ஃப்ரேமுக்குமான நேர எண்) பதித்த ஒரு ரெஃபரன்ஸ் வீடியோ. அதில் படம் தொடங்க 2 விநாடி முன்பு ஒரு ஃப்ரேம் நீளத்துக்கு ஒரு பீப் வையுங்கள், சிங்க் சரியா என்று அவர்கள் அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். லாக் ஆன பிறகும் இயக்குநர் ஒரு ஷாட்டைக் குறைக்கச் சொல்வார், அது நடக்காத படம் இல்லை. அப்போது எந்த டைம்கோடில் எத்தனை ஃப்ரேம் போனது என்று எழுதி, இருவருக்கும் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

எந்த மென்பொருளில் வெட்டுகிறீர்கள் என்று கேள்வியில் இல்லை. இன்னும் முடிவு செய்யவில்லை, கலரும் உங்களுக்குள்ளேயேதான் என்றால், மூன்று பேருக்கு ரிசால்வே போதும்.