அழைப்பா, ஊர்ப் பாசமா?

கேள்வி: கும்பகோணத்தில் ஓவியக் கல்வி முடித்து ஊர் திரும்பிய நான், எங்கள் தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஓவியமும் நாடகமும் கற்றுத்தருகிறேன். வீட்டாரோ சென்னையில் வேலை தேடச் சொல்கிறார்கள். இது இறைவனின் அழைப்பா, வெறும் ஊர்ப் பாசமா?
— ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அன்புச் சகோதரி, இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டாம். ஒரு சனிக்கிழமை நீங்கள் வராவிட்டால் பிள்ளைகள் உங்கள் வீட்டு வாசலுக்கே தேடி வருகிறார்களா? அதைத்தான் அழைப்பின் முதல் அடையாளமாக நான் கொள்வேன்.

உங்கள் கரையில் கருப்பொருளுக்குக் குறைவில்லை. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் உயிர்நீத்த கிறிஸ்தவ மறைசாட்சி புனித அருளானந்தரின் (ஜான் டி பிரிட்டோ) வரலாற்றைப் பிள்ளைகளே வசனம் எழுதி நடிக்கலாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததை நினைவில் வைத்திருக்கும் முதியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதைச் சுவரோவியமாகத் தீட்டலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களும் விசைப்படகுகள் கரையில் நிற்பதால், கடலுக்குச் செல்லும் தந்தையரும் அண்ணன்மாரும் அப்போது ஒத்திகைக்கு வர இயலும். வருமானமில்லாத அந்த நாட்களில் அவர்களுக்கும் இத்தகைய கூடுகை தேவைப்படுகிறது.

இந்து, இஸ்லாமியப் பிள்ளைகள் வந்தால், என்ன கற்பிக்கிறீர்கள் என்பதைப் பெற்றோரிடம் முன்னரே தெளிவாகச் சொல்லி, அவர்களுடைய சம்மதத்தைப் பெறுங்கள்.

வீட்டாரின் கவலை நியாயமானது. அருகிலுள்ள பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியர் பணி கிடைக்குமா என்று விசாரியுங்கள். வண்ணச் செலவைப் பங்கு மக்களின் ஆலோசனைக் குழுவான பங்குப் பேரவை ஏற்குமா என்று பங்குத்தந்தையிடம் தயங்காமல் கேளுங்கள். ஓராண்டு அவகாசம் தருமாறு பெற்றோரிடம் வேண்டிக்கொண்டு, அடுத்த நாடகத்துக்கு அவர்களை முன்வரிசையில் அமர்த்துங்கள்.